புகை இயந்திரமா, பேரல் மூடியா? பட்டுப்புழு வளர்க்கும் ஒரு தெருவுக்கான கொசு ஒழிப்பு ஒப்பீடு

பாலக்கோடு வட்டத்தில் உள்ள எங்கள் ஊரில் சென்ற ஐப்பசியில் ஒரே தெருவில் மூன்று பேருக்கு டெங்கு உறுதியானது. அவர்களுள் ஒரு சிறுமி தருமபுரியில் எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்து திரும்பினாள். அவள் திரும்பிய வாரமே மாரியம்மன் கோயில் திண்ணையில் தெருக்காரர்கள் கூடி, வீட்டுக்கு 1,000 ரூபாய் என்று 38 வீடுகளிலும் வசூலித்து, அந்தப் பணத்தில் புகை மருந்து அடிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிவிடுவது என்று ஏறத்தாழ முடிவே செய்துவிட்டார்கள். "புகை அடிச்சா கண்ணுக்குத் தெரியுது வாத்தியாரே, மத்தது எதுவும் தெரியலையே" என்று ஒருவர் சொன்னதுதான் அன்றைய பேச்சின் சாரம். அதே தெருவில் எங்கள் வீடு உட்படப் பதினொரு வீடுகளில் பட்டுப்புழு வளர்க்கிறோம் என்பதால், முடிவை ஒரு வாரம் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொண்டு, கையில் இருக்கும் பணத்துக்கு எந்தெந்த வழிகள் உள்ளன, அவற்றில் எது எங்கள் தெருவுக்குப் பொருந்தும் என்று எழுதிப் பார்த்தேன். எங்களைப் போலவே தண்ணீரைச் சேர்த்துவைத்தும் புழு வளர்த்தும் வாழும் ஊர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிறைய இருப்பதால் அதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் எந்தக் கொசுவைக் குறித்துப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். இரவில் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுக்கும் கியூலெக்ஸ், சாக்கடையிலும் கழிவறைத் தொட்டியிலும் பெருகுவது. யானைக்கால் நோயைப் பரப்பவல்லது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் வகைகளுள் ஸ்டீபன்சி என்னும் இனம் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளரும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் கொண்டுவரும் ஏடிஸ் எஜிப்டியோ கறுப்பு உடலில் வெள்ளை வரிகள் கொண்டது. பகலில், அதிலும் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும் கணுக்காலைத் தேடிக் கடிப்பது. வீட்டுக்குள்ளேயே கட்டிலடியிலும், கொடியில் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் ஒதுங்கியிருப்பது. நாம் குடிக்கவும் புழங்கவும் சேர்த்துவைத்த தெளிந்த நீரில் முட்டையிடுவது. கூட்டத்தில் எல்லோரும் திட்டித் தீர்த்தது ராத்திரிக் கொசுவை. சிறுமியைப் படுக்கவைத்தது பகல் கொசு. இந்தக் குழப்பம் தீராமல் எதை வாங்கினாலும் பணம் வேறொரு கொசுவுக்குச் செலவாகும்.

ஏடிஸைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள் முடிவைத் தீர்மானிப்பவை. முதலாவது, அது பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் 100 முதல் 200 மீட்டருக்கு மேல் பறந்து செல்வதில்லை. ஆகவே எங்கள் தெருச் சிறுமியைக் கடித்த கொசு பக்கத்து ஊர் ஏரியிலிருந்து வந்ததென்று சொல்லித் தப்பிக்க வழியில்லை, அது எங்களில் யாரோ ஒருவர் வீட்டுத் தண்ணீரில் பிறந்தது என்றே கொள்ள வேண்டும். இரண்டாவது, முட்டையிலிருந்து சிறகு முளைத்த கொசுவாவதற்கு நம் வெப்பநிலையில் 7 முதல் 10 நாள்கள் ஆகும். கிருமியுள்ள ஒருவரின் இரத்தத்தைக் குடித்த பெண் கொசு, மேலும் 8 முதல் 12 நாள்களுக்குப் பிறகுதான் அடுத்தவருக்கு நோயைக் கொடுக்கும் நிலையை அடைகிறது. அதன் பின் சாகும் வரை கடிக்கும் இடமெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே பிறப்பதற்கு முன் மடக்க ஏழு நாள் அவகாசம் இருக்கிறது. பறந்த பிறகு மடக்குவதென்றால் அது எந்தத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. இவ்விரு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி. முன்பல்லில் பழுப்புக் கறையோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த பிறகு காவிரி நீர் 'நல்ல தண்ணீர்' என்றும், போர் தண்ணீர் 'உப்புத் தண்ணீர்' என்றும் வீட்டுக்குள் தனித்தனியாகப் பிரிந்தன. நல்ல தண்ணீரைப் பேரலிலும் அண்டாவிலும் சிமெண்ட் தொட்டியிலும் நிரப்பி வைப்பது வழக்கம். அதை யாரும் வீணாக்குவதில்லை. "வாரம் ஒருமுறை சேர்த்த தண்ணீரைக் கீழே கொட்டுங்கள்" என்று நகரத்துச் சுவரொட்டியில் எழுதுவது எளிது. எங்கள் தெருவில் அதைச் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாது. எந்த வழியைத் தேர்ந்தாலும் அது நல்ல தண்ணீரைக் கெடுக்காமலும் கொட்டச் சொல்லாமலும் இருக்க வேண்டும். கூடவே, புழுவைக் கொல்லாமலும் இருக்க வேண்டும். பட்டு வளர்க்காத ஊர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: எங்களிடம் புழு என்றால் சோறு. கொசுப்புழுவைப் 'புழு' என்று சொன்னாலே முகம் சுளிப்பவர்கள் இங்கே உண்டு.

இனி புகையை எடுத்துக்கொள்வோம். மாலத்தியான், பைரித்ராய்டு வகையைச் சேர்ந்த சைபினோத்ரின் போன்ற மருந்தை டீசலில் கலந்து, சூடாக்கி, நுண்ணிய துளிகளாக வெளியேற்றுவதே இந்த இயந்திரத்தின் வேலை. துளி காற்றில் மிதக்கும் அந்தச் சில நிமிடங்களில் பறந்துகொண்டிருக்கும் கொசு அதில் பட்டால் சாகும். துளி கலைந்த பிறகு சுவரிலோ தரையிலோ எதுவும் எஞ்சி நின்று வேலை செய்வதில்லை. தொட்டியில் இருக்கும் கொசுப்புழுவும் கூட்டுப்புழுவும் முட்டையும் அப்படியே இருக்கின்றன. நாளைக் காலையில் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் கொசு, நேற்று மாலை அடித்த புகையை அறியாது. ஏடிஸ் வீட்டுக்குள் ஒதுங்கியிருப்பது என்பதால், புகை அடிக்கும்போது கதவையும் சன்னலையும் திறந்துவைக்க வேண்டும் என்பதே விதி. ஆனால் டீசல் நாற்றத்துக்கு அஞ்சி, வண்டிச் சத்தம் கேட்டதுமே எல்லா வீட்டிலும் கதவைச் சாத்துகிறோம். தெரு முழுவதும் வெண்மேகம் சூழ, பிள்ளைகள் அதற்குள் ஓடி விளையாட, கொசு மட்டும் உள்ளே நிம்மதியாகத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

புகைக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரே தெருவில் அடுத்தடுத்துக் காய்ச்சல் வரும்போது, கிருமி ஏறிய கொசுக்கள் ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கின்றன. அவற்றை உடனே குறைக்க வேறு விரைவான வழி இல்லை. அந்நேரத்தில்கூடத் தெருப்புகையைவிட, காய்ச்சல்காரரின் வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும் திறந்து உள்ளே தெளிப்பதே பயனுள்ளது. 2 சதவீதப் பைரித்ரம் சாற்றை ஒன்றுக்குப் பத்தொன்பது என்ற அளவில் மண்ணெண்ணெயில் கலந்து அறைக்குள் தெளிப்பது நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ள முறை. இது சுகாதாரத் துறையினர் பயிற்சியோடு செய்யும் வேலை. தெருக்காரர்கள் இயந்திரம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தோறும் இளைஞர் ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு வலம் வருவதற்கும் இதற்கும் வெகுதூரம்.

எங்களுக்கு இதில் தனிப்பட்ட அச்சம் ஒன்றும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் வாடகைக்கு அழைத்துவந்த ஒருவர் மாலை ஆறு மணிக்குப் புகை அடித்துக்கொண்டு போனார். காற்று மேற்கிலிருந்து வீசியது. முப்பது அடி தள்ளி உறவினர் ஒருவரின் புழு வளர்ப்பு மனை. நான்காம் தோலுரிப்பு முடிந்து, ஐந்தாம் பருவத்தில் இராப்பகலாக இலை தின்றுகொண்டிருந்த புழுக்கள். மறுநாள் விடியற்காலை நான் அங்கே போனபோது, இலை தின்னும் அந்த மழைச் சத்தம் இல்லை. தண்டுகளின் மேல் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. வாயிலிருந்து பச்சை நீர் கசிந்து, அடியிலிருந்த காகிதமெல்லாம் நனைந்திருந்தது. உடல் பாதியாகச் சுருங்கியிருந்தது. நூறு முட்டைத் தொகுதியில் வளர்த்தவை, கூடு கட்ட இன்னும் நான்கு நாள்களே இருந்தன. பைரித்ராய்டு வகை மருந்துகள் பட்டுப்புழுவை மிகச் சிறிய அளவிலேயே கொல்லும் என்பதைப் பட்டு வளர்ச்சித் துறையினர் ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வார்கள். அதன் பொருளை நான் அன்றுதான் கண்ணால் கண்டேன். இலையில் படிந்தாலும் இதே கதைதான் என்பதால், மனையை மூடிக்கொண்டால் போதும் என்றும் இருக்க முடியாது. மல்பெரித் தோட்டம் திறந்தவெளியில்தானே இருக்கிறது.

கொசுவர்த்திச் சுருளுக்கும் மின்சாரத்தில் சூடாகும் திரவத்துக்கும் அதே குறை. அவற்றில் இருப்பதும் அலெத்ரின், டிரான்ஸ்புளுத்ரின், பிரலெத்ரின் போன்ற பைரித்ராய்டுகளே. புழு மனைக்கு ஒட்டிய அறையில் அவற்றை வைப்பதில்லை என்பது இங்கே பல வீடுகளில் எழுதாத சட்டம். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுவதும் எரியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று கண்டது. இரவில் ஏற்றும் சுருள், பகலில் கடிக்கும் ஏடிஸிடமிருந்து காப்பதுமில்லை. நொச்சி இலையையும் வேப்பிலையையும் மூட்டமிடும் பழைய வழக்கம் கொசுவைச் சற்று நேரம் விலக்கும், கொல்லாது; புகையே ஆகாத புழு மனைக்கு அதுவும் ஆகாது. காய்ச்சல் காலத்தில் வழங்கும் நிலவேம்புக் குடிநீருக்கும் கொசுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும், அன்றைய கூட்டத்தில் அதுவும் ஒரு வழியாகப் பேசப்பட்டதால், சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது, நாம் 'அபேட்' என்று பொதுவாகச் சொல்லும் டெமிபாஸ். தொட்டி நீரில் கலந்து கொசுப்புழுவைக் கொல்வதற்கான மருந்து இது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போகாதவரை இதை அனுமதிக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரு சதவீத மணல் குருணையாக இருந்தால் 200 லிட்டர்ப் பேரலுக்கு 20 கிராம். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் ஊற்றிச் செல்லும் கரைசலின் கணக்கும் இதே அடிப்படையில் அமைவது. அளவைக் கண்ணால் பார்த்து ஊற்றும் வேலை அல்ல என்பதால், தெருக்காரர்கள் தாமே வாங்கி ஊற்றுவதை நான் ஏற்க மாட்டேன். மருந்து வேலை செய்யும், சந்தேகமில்லை. சிக்கல் நம் பழக்கத்தில் இருக்கிறது. ஊற்றிவிட்டுப் பணியாளர் தெருமுனை தாண்டியதும், வாடை பிடிக்கவில்லை என்று அந்தத் தண்ணீரை எடுத்துச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பும் வீடுகள் உண்டு. கொட்டாத வீடுகளிலும் மூன்று நாளில் தண்ணீர் தீர்ந்து, புது நீர் நிரம்பும்போது மருந்தின் செறிவு குறைந்துகொண்டே போகும். ஏடிஸ் கொசுவிடம் டெமிபாஸுக்கு எதிர்ப்புத்திறன் வளர்ந்துவருவது உலகின் பல பகுதிகளிலும் இந்தியாவில் சில இடங்களிலும் பதிவாகியிருக்கிறது. இவற்றோடு, இது கரிமப் பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லி. மல்பெரி இலைக்குத் தெளிக்கவோ மனையைக் கழுவவோ பயன்படும் தொட்டியில் இதைக் கலக்க நான் துணியமாட்டேன். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் தொட்டி, கட்டுமானம் நடக்கும் இடத்தின் நீர்த்தேக்கம், மூடவே முடியாத பழைய சிமெண்ட் தொட்டி ஆகியவற்றுக்கு, பணியாளர் கையால், இது சரியான கருவி.

பி.டி.ஐ. எனப்படும் பாக்டீரிய மருந்தைப் பற்றிக் கேட்டவுடன் எங்கள் தெருவில் புழு வளர்ப்பவர்கள் திடுக்கிட்டார்கள். அதற்குக் காரணமும் உண்டு. பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்னும் இந்தப் பாக்டீரியா வகையை முதன்முதலில் 1901-இல் ஜப்பானில் இஷிவாட்டா என்பவர் பிரித்தெடுத்ததே நோயுற்று மடிந்த பட்டுப்புழுவிலிருந்துதான். ஆனால் அந்தக் குடும்பத்தில் பல கிளைகள். 1976-இல் இஸ்ரேலில் கண்டறியப்பட்ட இஸ்ரேலென்சிஸ் என்னும் கிளை, கொசு, கருப்பு ஈ போன்ற இரு சிறகுப் பூச்சிகளின் இளம்புழுவை மட்டுமே தாக்குவது. கொசுப்புழு அதை விழுங்கியதும் குடலில் நச்சு விடுபட்டு அது மடிகிறது. புதுச்சேரியில் 1975-இல் தொடங்கப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இதற்கென ஒரு நாட்டு ரகத்தையே உருவாக்கியிருக்கிறது. பாதுகாப்பு என்ற வகையில் டெமிபாஸைவிட இதற்கே என் வாக்கு. ஆயினும் மூன்று குறைகள்: இதை விழுங்கினால்தான் சாவு என்பதால், எதையும் தின்னாத கூட்டுப்புழு பருவத்தில் இது பயன்படாது, சில நாள்களிலேயே வீரியம் குறைவதால் மீண்டும் மீண்டும் இட வேண்டும், கடையில் 'பி.டி.' என்று கேட்டால், காய்ப்புழுவுக்கும் இலைப்புழுவுக்கும் விற்கும் குர்ஸ்டாகி ரகத்தைக் கொடுத்துவிடக்கூடும், அது பட்டுப்புழுவுக்கு எமன். பெயரில் ஒரு சொல் மாறினால் ஒரு வளர்ப்பே போகும் என்ற நிலையில், புழு வளர்க்கும் தெருவில் இதைத் தெருக்காரர் கையில் கொடுப்பது எனக்கு உவப்பாக இல்லை.

மீன் வளர்ப்பு எல்லோருக்கும் பிடித்த யோசனை. கம்பூசியா மீன் 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நீரின் மேற்பரப்பில் மேயும் அதன் வாய் அமைப்பு கொசுப்புழுவைப் பிடிப்பதற்கென்றே அமைந்ததுபோல இருக்கும். கப்பி மீன் சற்று அழுக்கான நீரையும் தாங்கும். பயன்பாட்டில் இல்லாத கிணறு, தோட்டத்துத் தரைத்தொட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் பெரிய கல்தொட்டி ஆகியவற்றில் இவை வருடக்கணக்கில் வேலை செய்யும். ஒருமுறை விட்டால் தாமே பெருகும். மூன்று நாளுக்கொருமுறை வடியும் பேரலுக்கும், குளோரின் கலந்த குடிநீருக்கும் மீன் ஒத்துவராது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் கம்பூசியாவும் இடம்பெற்றிருக்கிறது. கொசுப்புழுவோடு நாட்டு மீன்களின் குஞ்சுகளையும் தவளையின் தலைப்பிரட்டைகளையும் அது விட்டுவைப்பதில்லை. மழையில் நிரம்பி வழிந்து சின்னாற்றிலோ ஏரியிலோ போய்ச் சேரும் குட்டையில் அதை விடக்கூடாது. எங்கள் தெருவில் அதற்கேற்ற இடம் என்று பார்த்தால், மூன்று கல்தொட்டிகளும் ஒரு பாழ்கிணறும்தான். நான்கு இடத்துக்கு நான்கு கை மீன், செலவு ஏதுமில்லை.

எஞ்சியிருப்பது, யாருக்கும் ஆர்வமூட்டாத வழி: மூடுவதும் தேய்ப்பதும். இதை எழுதுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, பத்தாம் வகுப்பு மாணவர் இருவரையும் ஒரு டார்ச் விளக்கையும் கூட்டிக்கொண்டு தெரு முழுவதும் தண்ணீர்ப் பாத்திரங்களைப் பார்த்து வந்தேன். கொசுப்புழு இருக்கிறதா என்று வெறுமனே எட்டிப் பார்த்தால் தெரியாது. நம் நிழல் நீரில் பட்டவுடன் அவை அடிக்குப் போய்விடும். டார்ச் அடித்து, நூறு எண்ணும் வரை அசையாமல் நின்றால், மூச்சு வாங்க ஒவ்வொன்றாகத் தலைகீழாக மேலே வரும். "எங்க வீட்டுத் தண்ணி சுத்தமான தண்ணி சார்" என்று சொன்ன ஓர் அம்மா, அப்படி அறுபது வரை எண்ணியதும் தானே வாயை மூடிக்கொண்டார். பேரல்கள், வாசலில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் பழைய ஆட்டுக்கல், மாடியில் கீற்று பறக்காமல் இருக்க வைத்த டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் வைத்த தட்டு ஆகியவை எதிர்பார்த்தவையே. எதிர்பாராதது என் வீட்டிலேயே இருந்தது.

பட்டுப்புழு அடுக்குகளின் கால்களில் எறும்பு ஏறாமலிருக்க, ஒவ்வொரு காலையும் தண்ணீர் நிரப்பிய கிண்ணத்துக்குள் நிறுத்துவோம். சிமெண்டில் வார்த்த எறும்புக் கிண்ணம், அது உடைந்தால் தேங்காய்த் தொட்டி. புழு இருக்கும் நாள்களில் எறும்புக்காக அவற்றைக் கவனித்து நிரப்புகிறோம். கூடு அறுத்துத் தருமபுரி அங்காடிக்குக் கொண்டுபோன பிறகு, அடுத்த வளர்ப்பு வரையிலும் அவற்றை யாரும் நினைப்பதில்லை. இருட்டான மனை, அசையாத தெளிந்த நீர், மனிதர் நடமாட்டம் பக்கத்திலேயே: ஏடிஸுக்கு இதைவிட நல்ல பிரசவ அறை கிடையாது. என் வீட்டு அடுக்குகளின் பன்னிரண்டு கிண்ணங்களில் ஏழில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. ஆறு ஆண்டாகத் தெருவில் கொசுவைப் பற்றிப் பேசுகிறவன் நான். பதினொரு மனைகளையும் சேர்த்து எண்ணியபோது, தெருவில் உள்ள பேரல்களைவிட எறும்புக் கிண்ணங்களே அதிகம் என்று தெரிந்தது. புகை இயந்திரம் வாங்கியிருந்தால், இந்தக் கிண்ணங்கள் இருக்கும் மனைகளுக்குள் மட்டும் அதை எவரும் விட்டிருக்க மாட்டார்கள்.

கிண்ணத்துக்குத் தீர்வு எளிது: ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்துவிட்டால் அந்த அடர்த்தியான உப்பு நீரில் கொசுப்புழு பிழைக்காது, எறும்பும் கடக்காது, பட்டுப்புழுவுக்கும் தீங்கில்லை. இரும்புக் கால் என்றால் துருப்பிடிக்கும். அங்கே வாரம் ஒருமுறை கவிழ்த்துத் துடைத்து நிரப்ப வேண்டும். வளர்ப்பு இல்லாத காலத்தில் கிண்ணங்களைக் கவிழ்த்தே வைத்துவிடலாம்.

பேரலுக்குத் திரும்புவோம். ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீருக்குள் போடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கிறது. காய்ந்துபோனாலும் அவை பல மாதங்கள் உயிரோடிருக்கும். மறுபடி தண்ணீர் ஏறித் தொட்டவுடன் பொரியும். அதனால் தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். நல்ல தண்ணீரை வீணாக்கத் தயங்குகிறவர்களுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது: தண்ணீர் தீர்ந்து புது நீர் வருவதற்கு முந்தைய நாள், காலியாக இருக்கும் பேரலின் உட்சுவரைத் தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவிவிட்டால், ஒரு குடம் நீரும் வீணாகாமல் முட்டை ஒழியும். வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கம் எப்படியும் இருப்பதால், தேய்ப்பதையும் அதோடு சேர்த்துவிட்டால் ஏழு நாள் கணக்குத் தானே சரியாகிவிடும்.

மூடியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சரியாகப் பொருந்தாத தகரத் துண்டு கொசுவைத் தடுக்காது. இருட்டையும் நிழலையும் தந்து அதற்கு வசதி செய்துகொடுக்கும். பேரலின் வாய்க்கு வெட்டிய நைலான் வலையின் விளிம்பில் இலாஸ்டிக் வைத்துத் தைத்தால், தொப்பிபோல இழுத்து மாட்டலாம். குழாயை அதன் மேலேயே வைத்து நீர் பிடிக்கலாம். எங்கள் தெருத் தையல்காரர் ஒன்றைத் தைத்துக் காட்டினார். கழிவறைத் தொட்டியின் காற்றுக்குழாய் வாயிலும் இதே வலையைக் கட்டினால், எல்லோரும் புலம்பும் ராத்திரிக் கொசுவுக்கும் ஒரு வாசல் அடைபடும்.

வலை என்றதும் எங்களுக்கு நினைவு வருவது ஊசி ஈ. 1980-இல் கர்நாடகத்துக்குள் புகுந்து, பட்டுப்புழுவின் மேல் முட்டையிட்டு வளர்ப்பை அழித்த அந்த ஈக்கு அஞ்சி, எல்லா மனைகளின் சன்னலிலும் வலை அடித்திருக்கிறோம். ஊசி ஈ வீட்டு ஈயைவிடப் பெரியது. அதைத் தடுக்கப் பெரிய கண்ணுள்ள வலை போதும் என்பதால், அந்த வலை கொசுவைத் தடுத்துவிடும் என்று எண்ணக்கூடாது. கொசுவுக்குச் சதுர அங்குலத்தில் 156 கண்கள் உள்ள வலை வேண்டும். மனைக்கு அடுத்தமுறை வலை மாற்றும்போது இந்தக் கண்ணளவிலேயே வாங்கினால் இரண்டுக்கும் ஆயிற்று. மருந்தூட்டிய கொசுவலை மலேரியா உள்ள பகுதிகளுக்கு அருமையானது. டெல்டாமெத்ரின் போன்ற மருந்து ஏறிய அந்த வலையைப் புழு மனையின் பக்கம் கொண்டுவரக் கூடாது. இரவில் கட்டிக்கொள்ளும் வலை பகல் கொசுவைத் தடுக்காது என்றாலும், இரண்டு பேருக்கு அது கட்டாயம் வேண்டும்: பகலில் தூங்கும் கைக்குழந்தை, காய்ச்சல் கண்ட முதல் ஐந்தாறு நாள்களில் இருக்கும் நோயாளி. நோயாளியின் இரத்தத்தில் கிருமி நிறைந்திருக்கும் அந்த நாள்களில் அவரைக் கொசு கடிக்காமல் காப்பது, தெருவில் மற்றவர்களைக் காப்பதற்குத்தான். சென்ற ஐப்பசியில் நாங்கள் சிறுமியைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு கூட்டமாகப் போனோம். ஒருவருக்கும் வலை கட்டத் தோன்றவில்லை.

ஈயைப் பற்றி ஒரு சொல். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் மொய்க்கும் ஈக்களையும் புகை இயந்திரம் ஒழித்துவிடும் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். வயிற்றுப்போக்கு, டைபாய்டு கிருமிகளைக் காலில் ஒட்டிக்கொண்டு வரும் ஈ பெருகுவது சாணத்திலும் ஈரக் குப்பையிலும், மனையிலிருந்து அள்ளிக் கொட்டும் புழு எச்சத்திலும். எருக்குழியை மண் போட்டு மூடுவதே அதற்கு வழி. இந்தப் பணத்தை அதில் சேர்க்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இது. விரைவில் முந்துவது புகை; ஆனால் அதன் பயன் ஓரிரு நாளில் முடிந்து, எரிபொருளுக்கும் மருந்துக்கும் மாதந்தோறும் பணம் கேட்கும், பதினொரு வீட்டின் வருமானத்தையும் பணயம் வைக்கும். டெமிபாஸும் பி.டி.ஐ.யும் சரியான கையில், சரியான தொட்டியில் நல்லவை. அவற்றுக்கு நாம் பணம் போட வேண்டியதில்லை, பணியாளர் வரும்போது பூட்டிய வீட்டின் சாவியை வாங்கிவைத்திருந்து திறந்துவிட்டால் போதும். மூடுவதற்கும் தேய்ப்பதற்கும் பணம் குறைவு, உழைப்பு அதிகம். அந்த உழைப்பும் பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழும் என்பது இந்த வழியின் உண்மையான குறை. ஒரு வீடு தவறினால் சுற்றியுள்ள வீடுகளுக்கும் சேர்த்து அது கொசு வளர்க்கும் என்பதும் குறைதான். கொசு வளர விடும் வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்க 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்திலேயே வழியிருக்கிறது என்று கூட்டத்தில் ஒருவர் நினைவூட்டினார். ஒரே தெருவில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்களுக்குள் அது நடக்காது. வெள்ளிக்கிழமை சுற்றுக்கு முறைவைத்து ஆண்களும் போவது என்று சொன்னபோதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து தலையசைப்பு வந்தது.

இரண்டாவது கூட்டத்தில் இயந்திரம் கைவிடப்பட்டது; அதைக் கேட்டவர் இன்னும் முழு மனதோடு சம்மதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்தடுத்து இருவருக்குக் காய்ச்சல் கண்டால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லி வீட்டுக்குள் தெளிக்க வைப்பது, அன்று புழு மனைகளை மூடி, தோட்டத்துப் பக்கம் தெளிப்பு வராமல் இருவர் நின்று பார்த்துக்கொள்வது, அதன் பின் இலையை நன்றாகக் கழுவிச் சில புழுக்களுக்கு மட்டும் முதலில் போட்டுப் பார்ப்பது என்ற உடன்பாட்டின் பேரிலேயே அவர் இறங்கிவந்தார். வசூலான பணத்தில் நைலான் வலைக்கும் இலாஸ்டிக்குக்கும் தையல் கூலிக்கும் முதல் பங்கு, சிமெண்ட் தொட்டிகளுக்குப் பொருத்தமான தகர மூடிக்கு அடுத்த பங்கு, நோயாளிக்கென்று பொதுவாக வைத்துக்கொள்ள மருந்தில்லாத கொசுவலை நான்கு, டார்ச் இரண்டு, பிளீச்சிங் பவுடர் ஒரு மூட்டை. மீதிப் பணம் மகளிர் குழுத் தலைவி அக்காவிடம் இருக்கிறது. முதல் சுற்று வரும் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, எங்கள் வீட்டு எறும்புக் கிண்ணங்களிலிருந்து தொடங்குகிறது.